நாலு மூலை ஆமென்

அணில் என்ற சிறுமியின் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் முடியும்போது நான்கு ஆமென் கேட்கும். நான்கும் ஒன்றாக வராது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்.

முதல் ஆமென் அப்பாவுடையது. அவர் வாசல் கதவருகே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். பசி தாங்காத மனிதர் என்பதால் அவருடைய ஜெபம் சட்டென்று முடிந்துவிடும். இரண்டாவது ஆமென் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடும் அம்மாவுடையது. மூன்றாவது, இரண்டு பீரோக்களுக்கு நடுவே உள்ள சந்தில் உட்காரும் அணிலுடையது. கடைசியாக ஏதோ ஒரு சோபாவின் பின்னாலிருந்து தம்பி பட்டாணியின் ஆமென் வரும். சில நாள் வரவே வராது. ஜெபத்துக்கு நடுவிலேயே அவன் சாப்பிட ஆரம்பித்திருப்பான்.

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆறு நாற்காலிகளோடு கனமான மர மேசை. ஆனால் அதை யாரும் கண்ணால் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அது சாமான்களுக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

அணிலின் அப்பாவுக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில். ஒரு வீட்டுச் சாமான்களை எல்லாம் லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் கீறல் விழாமல் இறக்கி வைப்பார். வேலை முடியும் நேரத்தில் வீட்டுக்காரர்கள் ஏதாவது ஒரு பொருளைக் காட்டி, "இது புது வீட்டுக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க" என்பார்கள். மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. "ஒரு நாள் உதவும்" என்று லாரியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை. சாமான்கள்தான் வந்துகொண்டே இருந்தன. மூன்று பீரோக்கள் வந்தன. ஐந்து சுவர்க் கடிகாரங்கள் வந்தன, ஐந்தும் வெவ்வேறு மணி காட்டின. இரண்டு சோபாக்கள் வந்தன, இரண்டுக்கும் சேர்த்து ஏழு கால்கள். யாரோ ஒருவர் ஒரு குளியல் தொட்டியைக்கூடக் கொடுத்துவிட்டார். அம்மா அதில் போர்வைகளை அடுக்கி வைத்திருந்தாள். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. மூடி இல்லாத டப்பாக்களை ஒரு பக்கமும், டப்பா இல்லாத மூடிகளை இன்னொரு பக்கமும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் எப்படி இருப்பாள்? கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து ஒளித்து வைப்பாள். அதனால்தான் அவளுக்கு அணில் என்று பெயர் வந்தது. அவளுடைய செல்வங்களிலேயே பெரிய செல்வம் ஒரு பொம்மை வீடு. அவள் இடுப்பு உயரம், இரண்டு மாடி. மாடியில் குட்டிக் கட்டில்கள். கீழே ஒரு குட்டி மேசை, அதைச் சுற்றி ஆறு குட்டி நாற்காலிகள், அவற்றில் ஆறு பொம்மைகள். அணிலுக்கு அதன்மேல் உயிர். பட்டாணி அதைத் தொட வேண்டுமானால் கையைக் கழுவிக் காட்ட வேண்டும்.

வீட்டுக் கதவு பாதிதான் திறக்கும். உள்ளே போகிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். சபையின் போதகர் கொஞ்சம் பருமனானவர். அவர் வந்தால் வாசலில் நின்றபடியே நலம் விசாரித்து, வாசலில் நின்றபடியே ஜெபித்துவிட்டு, "பரவாயில்லை, நான் இங்கயே நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அப்படிப்பட்ட நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அணில் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஆராதனை முடியும் நேரத்தில் போதகர் ஒரு விஷயம் சொன்னார். அணிலோடு சபையின் ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும் கீச்சு என்ற பெண்ணைப் பற்றிய விஷயம் அது. குரல் அவ்வளவு சின்னதாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய அம்மா துணி தேய்க்கும் கடை வைத்திருந்தார். அப்பாவுக்குக் கப்பலில் வேலை, அவர் வந்துசேர இன்னும் இரண்டு மாதம் ஆகும். இப்போது அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். வியாழக்கிழமை நடக்கப் போகிறது, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கீச்சுவை இங்கே யாராவது வைத்துக்கொண்டால் அவள் தினமும் போய் அம்மாவைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குத்தான் அவளை அனுப்ப வேண்டும்.

பெரியவர்கள் எல்லாரும் மனசுக்குள் தங்கள் வீட்டு அறைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் கீச்சு தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும், யோசிப்பதற்கு முன்பே அணில் எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டுக்கு வரட்டும், ஐயா."

அந்த வீட்டைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருமினார்கள். போதகர் அணிலின் அப்பாவைப் பார்த்தார். அப்பாதான் எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் ஆயிற்றே. "அதுக்கென்ன ஐயா, வரட்டும்" என்றார். வியாழக்கிழமை மாலை தானே கூட்டிக்கொண்டு வருவதாகப் போதகர் சொன்னார். கீச்சு திரும்பி அணிலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அப்புறம் பின்வாங்க யாராலும் முடியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளைய எங்க படுக்க வைப்பீங்க?"

"பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா.

வீட்டுக்குள் ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் நுழைந்தார்கள். அம்மா நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாமான். "ஒரு பாய் விரிக்கக்கூட இங்க இடம் இல்லையே" என்றாள்.

இந்த இடத்தில் பட்டாணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் அவன் சத்திரக்காரனாக நடித்திருந்தான். குழந்தை இயேசு பிறக்கப்போகும் நேரத்தில், தங்க இடம் கேட்டு வந்தவர்களை விரட்டி விடுகிற அதே சத்திரக்காரன். அவனுக்கு ஒரே ஒரு வசனம்தான். அதைத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவன் சொன்ன அழகில் எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து யார் வாயிலிருந்து 'இடம்' என்ற சொல் வந்தாலும் பையன் விடமாட்டான்.

இப்போதும் சோபாவின் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "இடம் இல்லை! வேற இடம் பாருங்க!" என்று கட்டைக் குரலில் முழங்கினான்.

வழக்கமாக எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா குளியல் தொட்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். அப்பா பிடரியைச் சொறிந்தார். என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் பட்டாணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கே ஒரு வழி பண்றேன்" என்றார் அப்பா.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து மாலை வரை வீட்டோடு மல்லுக்கட்டினார். லாரியில் சாமான் அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த வித்தையை எல்லாம் சொந்த வீட்டில் இறக்கினார். பீரோவின் மேல் பீரோவை ஏற்றினார். சோபாவைச் செங்குத்தாக நிறுத்தினார். தொட்டிக்குள் கடிகாரங்களையும், கடிகாரங்களின் இடுக்கில் மூடிகளையும் திணித்தார். கடைசியில் கூரை வரைக்கும் அடுக்கி, குறுக்கே கயிறும் கட்டிவிட்டார். குண்டும் குழியுமான சாலையில் நூறு மைல் போனாலும் ஒரு டப்பாகூட ஆடாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அணிலிடம் பெருமையாகக் காட்டினார். "பாத்தியா, இடம்."

இடம் இருந்தது உண்மைதான். அணில் அதில் போய் நின்றாள். படுத்துப் பார்த்தாள். தலை ஒரு பீரோவில் முட்டியது, கால்கள் எதிரே அடுக்கியிருந்த சாமான் மேல் ஏறி நின்றன.

"அப்பா, கீச்சு நின்னுக்கிட்டே தூங்குவாளா?"

"குதிரை நின்னுக்கிட்டேதான் தூங்கும்" என்று தனக்குத் தெரிந்த தகவலைச் சொன்னான் பட்டாணி.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. தட்டுகள் எல்லாம் அடுக்கின் பின்வரிசையில் போய்விட்டிருந்தன. அம்மா சட்டி மூடிகளில் சாப்பாடு போட்டாள். பட்டாணியின் ஒரு ஷூ இரண்டாவது பீரோவுக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் கூரையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். அவன் ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் செருப்புமாகப் பள்ளிக்கூடம் போனான். போகும்போது, "சாமான் சௌகரியமா இருக்கு. நாமதான் இடிச்சுக்கிட்டு இருக்கோம்" என்று புலம்பிக்கொண்டே போனான்.

அணிலுக்கு அன்று பாடத்தில் மனசு போகவில்லை. விடுமுறை நாட்களில் அவள் அப்பாவோடு லாரியில் போவதுண்டு. அப்பா ஒரு புது வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்னால் என்ன செய்வார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றால் அறையை அளப்பார். வெறும் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவார். வீட்டுக்காரர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி பீரோவைப் பற்றி இருக்காது, கட்டிலைப் பற்றியும் இருக்காது. "யார் எங்க படுப்பாங்க, எங்க உக்காந்து சாப்பிடுவாங்க, அதச் சொல்லுங்க முதல்ல. பொருளுக்கு அப்புறம் இடம் பாத்துக்கலாம்" என்பார்.

ஊர் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்ட அப்பா, தன் வீட்டில் மட்டும் கேட்கவே இல்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான். அணில் வந்ததும் வராததுமாக அப்பாவின் முடிச்சுக் கயிற்றையும் சாக்பீஸ் டப்பாவையும் எடுத்தாள். உள்ளே சுவரே தெரியவில்லை என்பதால் வீட்டை வெளிப்பக்கமாகச் சுற்றி அளந்தாள். அப்பா லாரி நிறுத்தும் சிமெண்ட் முற்றத்தில் அதே அளவுக்கு ஒரு வீட்டை வரைந்தாள். இங்கே கதவு, இங்கே அடுப்படி, நடுவில் ஒரு சுவர்.

பிறகு பட்டாணியை அதற்குள் படுக்க வைத்து அவனைச் சுற்றிக் கோடு போட்டாள். கூச்சத்தில் அவன் நெளிந்ததால் அவனுடைய வலது கை மட்டும் வாத்துக் கால் மாதிரி வந்தது.

துணி காயப்போட வந்த அம்மா, "என்ன கூத்து இது" என்று கேட்டாள். அணில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நீங்களும் படுங்கம்மா" என்றாள். அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. மெதுவாகப் படுத்து, கையையும் காலையும் நீட்டி, வானத்தைப் பார்த்தாள். அணில் கோடு போட்டு முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இப்படிக் கால நீட்டி எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் லாரி வந்து நின்றது. உள்ளே வர முடியவில்லை. அது நிற்கிற இடத்தில்தான் ஒரு வீடு இருந்ததே. அப்பா இறங்கி வந்து, அம்மா முற்றத்தில் படுத்திருப்பதையும் பட்டாணி வாத்துக் கையோடு கிடப்பதையும் பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

அணில் இடுப்பில் கை வைத்து, அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமினாள். "வாங்க சார். உங்க வீட்டுல யார் எங்க படுப்பாங்க, எங்க உக்காந்து சாப்பிடுவாங்க, அதச் சொல்லுங்க முதல்ல. பொருளுக்கு அப்புறம் இடம் பாத்துக்கலாம்."

அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே படுத்தார். அணில் அவரைச் சுற்றி ஒரு பெரிய கோடு போட்டாள். தனக்கு ஒன்று போட்டுக்கொண்டாள். பட்டாணியைவிட ஒரு சாண் நீளமாகக் கீச்சுவுக்கு ஒன்று. அடுத்த அறையில் சாப்பாட்டு மேசை, அதைச் சுற்றி ஆட்கள். எல்லாம் முடிந்ததும் சாக்பீஸை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"இப்ப மிச்சம் இருக்கற இடத்துல பொருள வரைங்கப்பா."

அப்பா ஒரு பீரோ வரைந்தார். இடம் இருந்தது. இரண்டாவது பீரோ வரைந்தார், அது அம்மாவின் கால் மேல் விழுந்தது. அதை அழித்துவிட்டு சோபாவை வரைந்தார்.

"அப்பா, சோபா என் வயித்து மேல இருக்கு" என்றான் பட்டாணி, படுத்தபடியே.

அப்பா அதையும் காலால் அழித்தார். குளியல் தொட்டிக்கு இடம் தேடினார். அந்த அளவுக்குக் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம்தான். அது கீச்சுவின் இடம்.

அப்பா சாக்பீஸைக் கையில் உருட்டினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. சாமான் அடுக்கத் தெரியும் என்ற பெருமையெல்லாம் அந்தச் சாக்பீஸ் வீட்டின் முன்னால் எங்கோ போய்விட்டது.

"இத்தன நாளா என் பிள்ளைங்க இடத்துலதான் ஊர்ச் சாமான வெச்சிருந்தேனா" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "லாரி பின்கதவத் திற, கண்ணு."

அப்போது பட்டாணி எழுந்து உட்கார்ந்தான். "அக்கா, உன் பொம்மை வீடு எங்க?"

அணில் அதை வரையவே இல்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவசர அவசரமாகக் கீச்சுவின் கால் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டாள். "அவ கொஞ்சம் மடக்கிப் படுத்தா போதும்" என்று முணுமுணுத்தாள். அவளை ஏதாவது சொல்லும் தைரியம் அன்றைக்கு அப்பாவுக்கு இல்லை.

கயிற்றை அவிழ்த்தார்கள். மேலே இருந்தது கீழே வந்தது, கீழே இருந்தது வெளியே வந்தது. போன வாரம் ஒரு புதுமணத் தம்பதியை அப்பா குடிவைத்திருந்தார், அவர்களுடைய சாமான் லாரியில் பாதிகூட வரவில்லை. ஒரு சோபாவும் ஒரு பீரோவும் அவர்களுக்கு என்று முடிவாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரர் குளியல் தொட்டியை வாங்கிக்கொண்டு ஓடினார். அதை வைத்து அவர் என்ன செய்யப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் திருப்பித் தந்துவிடுவாரோ என்ற பயம். கடிகாரங்களில் ஓடுகிற ஒன்றை மட்டும் அப்பா வைத்துக்கொண்டார். அம்மாதான் ஒரு நீல டப்பாவோடு கொஞ்ச நேரம் போராடினாள். லாரியில் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"அம்மா, நமக்கு இன்னொரு ஜன்னல் இருக்கு" என்று உள்ளேயிருந்து பட்டாணி கத்தினான். பீரோவின் பின்னால் உண்மையிலேயே ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்ததும் மாலை வெயில் நேராக வந்து மேசை மேல் விழுந்தது. ஆம், அந்த மேசைதான். அதன் மேல் தூசி மூடி, தொலைந்துபோனது என்று எல்லாரும் நினைத்திருந்த குடும்ப வேதாகமம் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் படித்து நிறுத்திய பக்கத்தில் சிவப்பு நாடா இன்னும் அப்படியே இருந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் போதகர் கீச்சுவைக் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே நின்றுகொண்டு, ஆபரேஷன் நடந்துகொண்டிருப்பதாகவும், தான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து செய்தி சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவசரத்தில் அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கீச்சு ஒரே ஒரு துணிப்பை கொண்டு வந்திருந்தாள். அதில் இரண்டு கவுன், ஒரு சீப்பு, அவள் அம்மாவின் கைக்குட்டை ஒன்று. அவ்வளவுதான். அணில் அவளுக்குப் படுக்கும் இடத்தைக் காட்டினாள். அங்கே பொம்மை வீடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"படுத்துப் பாரு, சரியா இருக்கான்னு" என்றாள் அணில்.

கீச்சு படுத்தாள். பொம்மை வீட்டில் கால் பட்டுவிடக் கூடாதே என்று முழங்காலை முகவாய் வரைக்கும் மடக்கிக்கொண்டாள். "நல்லா இருக்கு" என்றாள், அந்தக் கீச்சுக் குரலில். "நான் எப்பவும் சுருண்டுதான் படுப்பேன்."

அது பொய் என்று அணிலுக்குத் தெரிந்தது. பொம்மை வீட்டின் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உள்ளே குட்டிக் கட்டிலில் ஒரு பொம்மை கையையும் காலையும் நீட்டி ஒய்யாரமாகப் படுத்திருந்தது. வெளியே, அம்மாவை நினைத்துக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நிஜப் பெண் சுருண்டு கிடந்தாள்.

அணில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில அம்மாவப் பாக்க உள்ள விடற வரைக்கும் நீ எங்க இருப்ப?" என்று கேட்டாள்.

"வெளிக் கூடத்துல பெஞ்ச் இருக்கு. என்னை மாதிரி நிறையப் பிள்ளைங்க வருவாங்க. விளையாட ஒண்ணும் இல்ல. எல்லாரும் சும்மா உக்காந்திருப்போம்."

அணில் எழுந்து அப்பாவிடம் போனாள். "அப்பா, லாரியில இன்னும் கொஞ்சம் இடம் இருக்கா? ஆஸ்பத்திரிக் கூடத்துல பொம்மை வீட்ட வைக்கணும்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "நல்லா யோசிச்சியா, கண்ணு?"

"இல்ல. யோசிச்சா தரமாட்டேன். சீக்கிரம் தூக்குங்க."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். பின்கதவு மூடும் சத்தம் கேட்டபோது அணிலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

கீச்சு கால்களை நீட்டியிருந்தாள். அவளுடைய விரல் நுனி, பொம்மை வீட்டின் கதவு இருந்த இடம் வரைக்கும் வந்திருந்தது. "இப்ப எவ்வளவு பெரிசா இருக்கு" என்றாள். அந்தக் குரல் அடுப்படி வரைக்கும் கேட்டது. அணில் அவள் பக்கத்தில் பொத்தென்று படுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு, அதில் இருந்த கறை பூனையா யானையா என்று சண்டை போட்டார்கள். பட்டாணி நடுவராக வந்து, அது போதகர் ஐயா என்று தீர்ப்புச் சொன்னான்.

சாப்பாட்டு நேரம் வந்தது. மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஆறாவது நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை நாள் தனித்தனியாகச் சாப்பிட்டுப் பழகியதால் முழங்கையை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் கை கோத்துக்கொண்டார்கள். கீச்சுவின் கை ஜில்லென்று இருந்தது.

அப்பா ஜெபித்தார். கதவருகே உட்கார்ந்து அவர் என்ன ஜெபிப்பார் என்று அணிலுக்கு இதுவரை தெரியாது. சாமான்களைத் தாண்டி அவள் காதுக்கு ஆமென் மட்டும்தான் வரும். இன்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அம்மாவின் முதுகுவலிக்காக, பட்டாணியின் படிப்புக்காக, "என் அணிலுக்கு நீர் கொடுத்த நல்ல மனசுக்காக" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு கீச்சுவின் அம்மாவுக்காக வேண்டினார். ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாட்டை அவர் நினைக்கவே இல்லை. அணில் தானும் மனசுக்குள் கேட்டாள். இதுவரை ஜெபத்தில் அவள் கேட்டதெல்லாம் ஏதாவது ஒரு பொருளாகத்தான் இருக்கும். இன்று அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கீச்சுவின் அம்மா பிழைத்து வர வேண்டும்.

ஆமென்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே ஆமென். அது அவ்வளவு சத்தமாக வந்ததில் அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. யார் என்று எல்லாருக்கும் தெரியும். அப்பா போய்க் கதவைத் திறந்தார். முழுசாகத் திறந்தார். வாசலில் போதகர் மேல்மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சதும்மா" என்றார் கீச்சுவைப் பார்த்து. "கண்ணு முழிச்சிட்டாங்க. நீ சாப்பிட்டியான்னுதான் முதல்ல கேட்டாங்க. நாளைக்குப் போய்ப் பாக்கலாம்."

கீச்சு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அணில் கீச்சுவின் கையை விடவே இல்லை.

அப்பா போதகரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருக்குப் பழைய பழக்கம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து, "பரவாயில்லை, நான் இங்கயே நிக்கறேன்" என்றார்.

பட்டாணி நாற்காலியிலிருந்து குதித்தான். ஆறாவது நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனான். தொண்டையை நன்றாகக் கனைத்துக்கொண்டு, தன்னுடைய கட்டைக் குரலில் சொன்னான்:

"இடம் இருக்கு! உள்ள வாங்க!"